கை இறங்கும் வரை

நண்பகல் வெயிலில் எந்த முகமும் பார்க்கச் சகிக்காது. உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரச் சொன்னதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பழக்கதோஷம். விசாரிக்க வந்த அதிகாரியையே இடம் மாற்றி உட்கார வைக்கிறாளே என்று உங்கள் உதவியாளர் முகத்தைச் சுளிக்கிறார். பரவாயில்லை. அவரும் ஒரு அடி முன்னால் வந்தால் நல்லது. கதவு நிலை அவர் தலையில் முளைத்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் கேட்க வந்தது சின்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். மீட்புப் படகின் அதிகாரியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். வெள்ளத்தன்று படகைக் கிளப்பத் தாமதித்தார் என்பது குற்றச்சாட்டு. அன்று கரையில் நின்றவள் என்ற முறையில் நானும் நாலு வரி சொல்ல வேண்டும். அமைச்சரின் மனைவி என்பதால் வீடு தேடி வந்து கேட்கிறீர்கள். என் வீட்டுக்காரர் காலையில் கிளம்பும்போதே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

"ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. ஒரே கூட்டம், பதட்டம்னு சொல்லு. அது போதும், மேல கேக்க மாட்டாங்க."

அவருக்கு வசனம் எழுதியே என் தலை நரைத்தது. இப்போது அவர் எனக்கு எழுதிக் கொடுக்கிறார், அதுவும் இவ்வளவு மோசமாக.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த அதிகாரி தாமதிக்கவில்லை. தாமதித்தது நான். அவசரப்பட்டு எழுதிக்கொள்ள வேண்டாம், முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் சினிமா இயக்குநர். இப்படிச் சொல்லிக்கொள்ள உள்ளூரக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கிறேன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். விருது வாங்கியது. ஒரு வாரம் ஓடியது. பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பார்த்ததே அவர்கள் மட்டும்தான். அப்படித் தியேட்டர் வாசலில் கையைப் பிடித்தவர்களில் ஒருவர் இளம் வக்கீல். அவர்தான் என் வீட்டுக்காரர். அப்போதுதான் கட்சியில் சேர்ந்திருந்தார். நல்ல மனசு, நல்ல குரல். ஆனால் மேடையில் ஏறிவிட்டால் கைகளை என்ன செய்வதென்று தெரியாது, யாரோ இரவல் கொடுத்த கைகள் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். முதல் தேர்தலில் அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் உள்ளே நுழைந்தேன். ஒரே ஒரு தேர்தல் என்றுதான் நினைத்தேன்.

"உன் படத்தை யாரு வேணாம்னது? இந்த எலெக்‌ஷன் மட்டும் முடியட்டும்" என்பார். பொய்யாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா, தங்கை இருவரைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தேன். தங்கையாக நடிக்க நான் நினைத்திருந்த நடிகை அக்கா வயதுக்கு வந்தாள், பிறகு அம்மா வேஷங்களுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் பிரசார வண்டிக்கு முன்னால் கேமராவோடு பின்பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன்.

கூட்டத்தின் நடுவே 'ஆக்‌ஷன்' என்று கத்த முடியாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நான் இடது கையைத் தூக்கி வைத்திருப்பேன். கை மேலே இருக்கும்வரை அவர் அசையக் கூடாது. கை இறங்கினால் வண்டியை விட்டு இறங்கலாம், குழந்தையைத் தூக்கலாம், கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். மனிதர் கப்பென்று பிடித்துக்கொண்டார். சரியான வெளிச்சத்தில், சரியான முகம் பக்கத்தில் வரும்போது நான் கையை இறக்குவேன். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான் இருக்கும். ஒன்று சரியாக வராவிட்டால் திரும்ப எடுப்பேன். யூனிட்டில் எனக்கு 'இன்னொண்ணு' என்று பட்டப்பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அவருடைய அம்மா இறந்த அன்று, முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். உதடு துடிக்க நின்றவர், அழாமல் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கேமராவே இல்லை. என் கை சும்மாதான் தொங்கியது. "அழுங்க" என்று நான் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அழுதார். எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

இந்தத் தேர்தலுக்கு முன்பு ஒரு தயாரிப்பாளர் என் கதையைக் கேட்டார். பிறகு சொன்னார், "நல்ல கதைம்மா. சார் ஜெயிச்சு மந்திரியாகட்டும், அடுத்த மாசமே ஷூட்டிங் போயிடலாம். தோத்துட்டார்னா என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. நான் வியாபாரி." ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் ஒரு தோல்வியைத் தாங்க என் வீட்டுக்காரருக்கு வயது இருந்தது. எனக்கு இல்லை. ஐம்பதை நெருங்கிய பெண்ணிடம் இரண்டாவது படத்தை யார் நம்பிக் கொடுப்பார்கள்? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்று வாய்விட்டு அழுதிருக்கிறேன். இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

பிரசாரத்தைக் கவனித்தது என் கொழுந்தன். கணக்குப் போடுவதில் கெட்டிக்காரன். ஒரு நாள் வந்து, "அண்ணி, இந்தத் தடவை தேறாது. தலைகீழா நின்னாலும் தேறாது" என்று சோபாவில் சாய்ந்துவிட்டான். அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மழை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, அதே கொழுந்தன் ஓடி வந்து, "அண்ணி, கேமராவை எடுங்க" என்றான். அவன் கண்ணில் இருந்ததுதான் என் கண்ணிலும் இருந்திருக்கும்.

ஆற்றோரம் பழைய சலவைக்கூடம் ஒன்று இருந்தது, பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையெல்லாம் அங்கேதான் துவைப்பார்கள். தண்ணீர் ஏற ஏற, வேலை செய்த பெண்கள் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்கள். கூடவே காவல்காரப் பெரியவர். நாங்கள் எதிரே பாலத்தின் சரிவில் நின்றோம். நடுவில் தெரு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. இரண்டு படகுகள் வந்தன. ஒன்று பிரசவ ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டது. இன்னொன்று எங்களுக்கு. அதில் முதல் ஆளாக என் வீட்டுக்காரர் போவார் என்று கொழுந்தன் பேசி முடித்திருந்தான்.

மழை விட்டிருந்தது. ஆனால் வானம் முழுக்கச் சாம்பல். அந்த வெளிச்சத்தில் தண்ணீரும் கட்டடமும் ஆட்களும் எல்லாம் ஒரே நிறத்தில் கிடந்தன. அந்தப் பெண்கள் எங்களைப் பார்த்து வெள்ளை விரிப்புகளை வீசிக்கொண்டிருந்தார்கள், அதுகூட அழுக்காகத் தெரிந்தது. மேற்கே மேகத்துக்கும் கூரைகளுக்கும் நடுவில் மட்டும் ஒரு துண்டு வானம் தெளிவாக இருந்தது. சூரியன் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அந்த இடைவெளிக்கு வந்துவிடும். வந்தால் எல்லாம் மாறிவிடும். சினிமாக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. நான் கையைத் தூக்கினேன்.

படகின் அதிகாரி ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "சார், போலாமா? பில்டிங் ரொம்பப் பழசு" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்றார். கொஞ்சம் கழித்து அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் ஒரு நிமிஷம். நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இல்லை, அது முழுக்கச் சரியில்லை. அந்த அதிகாரி பொறுக்க முடியாமல் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். அது போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து வந்த குரல்கள் எதுவும் ஒலிப்பதிவில் விழவில்லை. நான்தான் கத்தினேன், "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, சவுண்ட் கெடுது" என்று. அவர், "மேடம், ஆஃப் பண்ணா இது திரும்ப எடுக்காது, மக்கர் பண்ணும்" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். "அவங்க சொல்றதைச் செய்ங்க" என்று என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். தோளில் கை வைப்பதும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். மறுத்துப் பேச மனசு வராது. அந்த ஒல்லி மனிதர் இன்ஜினை அணைத்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பிறகு சூரியன் வந்தது, நான் கையை இறக்கினேன், இன்ஜின் அவர் சொன்ன மாதிரியே முரண்டு பிடித்தது. கயிற்றை இழுத்து இழுத்து அவர் உள்ளங்கை கிழிந்தது. படகு பாதி தூரம் போகும்போது சலவைக்கூடத்தின் முன்சுவர் உட்கார்ந்தது. மாடி அப்படியே முன்னால் சரிந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீரில் குதித்தார். குதிக்கச் சொன்னது நானில்லை; அதுவரைக்கும் அவர் என்னைக் கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு பெண்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் மட்டும் வரலைன்னா நானும் எங்க அக்காவோட போயிருப்பேம்மா. அவரு நல்லா இருக்கணும்" என்று அழுதாள். அவள் அக்காவும் அந்த மாடியில்தான் இருந்திருக்கிறாள். அவள் பேசும்போது யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனதில் ஒலி கெட்டுவிட்டது. இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன். சொன்னாள். இரண்டாவது தடவை அவ்வளவு நன்றாக அழவில்லை. பாவம், அவளுக்கு உடம்பு முடியவில்லை. மூன்றாவதாக ஒன்று கேட்டேன், கேமராத் தம்பி கேமராவைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் என் முதல் படத்திலிருந்து என்னோடு இருப்பவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த வார்டு வாசலில் என்னிடம், "லைட்டுக்குன்னு சொல்லாதீங்க அக்கா. என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றான். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவன் அப்படி விட்டுவிட்டுப் போனது எனக்கு ரொம்ப வலித்தது.

தேர்தல் முடிவு உங்களுக்குத் தெரியும். தேறாது என்ற தொகுதியில் எதிராளி இருந்த இடம் தெரியாமல் போனார். என் வீட்டுக்காரர் மந்திரியானார். ஆனால் ஊரெல்லாம் பார்த்தது என் ஷாட்டை இல்லை. சலவைக்கூடத்துக்கு எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து யாரோ போனில் எடுத்த துண்டுப்படம், ஆடி ஆடித் தலை சுற்றும். பாதி நேரம் எடுத்தவரின் கட்டை விரல்தான் தெரியும். கொழுந்தனிடம் சண்டை போட்டேன். அவன் என்னுடையதை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க ஷாட் ரொம்ப நல்லா இருக்கு. அதான் பிரச்சினையே. எடுத்த மாதிரி இருக்கு" என்றான். பிறகு அண்ணனும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்து, அந்த ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடச் சொன்னார்கள். நான் காலியான ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அதைச் சுத்தியலால் நாலு போடு போட்டார். விசாரணைக் கமிஷன் முன்னால் போய், அங்கே படப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார். கைகளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே சரியாக வைத்திருந்தார்.

தயாரிப்பாளரும் வந்தார். மாலை, பொன்னாடை எல்லாம் மந்திரிக்கு. என்னிடம் தனியாக, "மந்திரி வீட்டம்மா படம்னா ஆயிரம் கேள்வி வரும். இந்தக் கேஸ் வேற ஓடிட்டு இருக்கு. கொஞ்சம் ஆறப் போடுவோம்மா" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்குக் குளியலறைக்குப் போகவில்லை. அழுகை வரவில்லை. எல்லாம் கை நழுவிப் போய்விட்டது என்று தெரிந்தவளுக்கு வரும் ஒரு வெறுமை இருக்கிறதே, அது மட்டும்தான் இருந்தது.

கேமராத் தம்பி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காமல் இருப்பீர்களா என்று பார்த்தேன்.

மானிட்டர் என்பது ஒரு சின்னத் திரை. லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். கரையில் நின்ற யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் வழுக்கி விழுந்துவிடாமல் இருக்க, விரிப்புகளை முறுக்கி இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வரிசையாக. காவல்காரப் பெரியவர்தான் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துச் சரிபார்த்தார். எங்களுக்கு நன்றாகத் தெரியும்படி வீசுவதற்காக ஒருத்தி மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டு விளிம்புக்கு வந்திருந்தாள். அந்த ஒருத்திதான் பிழைத்தவள். அப்புறம் சுவர். முதல் மாடி ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. "அக்கா, சுவர் பிளக்குது" என்றான் தம்பி. "தெரியுது, டைட் போ" என்றேன், இன்னும் நெருக்கமாகக் காட்டச் சொல்லி. போனான். அவன் குரல் நடுங்கியது, ஆனால் ஃபோகஸ் நடுங்கவில்லை. "அக்கா, லைட் வந்தாச்சு. கையை இறக்குங்க அக்கா" என்றான்.

வந்துதான் விட்டிருந்தது. அதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. விரிப்புகள் எல்லாம் பொன்னாக இருந்தன. அந்த நேரத்தில் கையை இறக்கியிருந்தால் படகு போயிருக்கும், ஏணியைச் சாத்தியிருப்பார்கள், ஒவ்வொருவராக இறங்கி வந்திருப்பார்கள், என் வீட்டுக்காரர் கை கொடுத்து இறக்கியிருப்பார். எல்லோரும் பத்திரமாகக் கரைக்கு வந்திருப்பார்கள். அப்படிப்பட்ட படங்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு தோற்கிற தேர்தலை ஜெயிக்க முடியாது. அன்றைக்கு அந்தக் கரையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் படம், என் மிச்ச வாழ்க்கை எல்லாம் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் காத்திருந்தது வெளிச்சத்துக்காக இல்லை, சுவருக்காக. அது சரியப்போகிறது என்பது உறுதியான பிறகுதான் கையை இறக்கினேன். தண்ணீரில் விழுவார்கள், தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். இடுப்பில் கட்டியிருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் மானிட்டரில் அந்த முடிச்சுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒருவர் போனதும் எல்லோரும் வரிசையாகப் போனார்கள்.

இதையெல்லாம் அந்தப் படகு அதிகாரிக்காகத்தான் சொல்கிறேன். தப்பில்லாத மனிதர் தண்டனை அனுபவிக்கக் கூடாது. எனக்கு வேறு எந்த நோக்கமும் கிடையாது, அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் இதோ இருக்கிறது. இதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. கோர்ட்டில் போடும்போது திரை பெரிதாக இருக்க வேண்டும், விளக்குகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். இடையில் நிறுத்த வேண்டாம், அது வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஒலியையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அந்தக் குரல்கள் எல்லாம் அங்கேயே பதிவு செய்தவை, ஒன்றுகூட நான் பிறகு சேர்த்ததில்லை.